துக்கம் பிடிக்காத பின்னறை

லண்டன் குட்மேய்ஸில் தில்லையம்பலம் வாங்கிய வீட்டின் பின்னறைக்குள் இருந்தவர்களுக்குத் துக்கம் பிடிக்காது. எண்ணெய் பூசிய கையில் பலாப்பால் ஒட்டாததுபோல என்று அவருடைய மனைவி சிவகௌரி சொல்வார். சில வீடுகளில் சுவரில் ஈரம் பிடிக்கும், சில வீடுகளில் எலித் தொல்லை இருக்கும், இந்த வீட்டில் இப்படி. அறைக்கு மூன்று கதவுகள். ஒன்று நடைக்குத் திறந்தது, ஒன்று குசினிக்குத் திறந்தது. மூன்றாவது தெற்குப் பக்கம், தோட்டத்தைப் பார்த்தது. அதன்மேல் பச்சைப் பெயின்ட் திரும்பத் திரும்பப் பூசப்பட்டுக் கதவுக்கும் நிலைக்கும் இடையில் இருந்த கோடே மறைந்துபோயிருந்தது. வீட்டை விற்றவர் மிஸிஸ் பிரிட்சார்ட் என்ற வேல்ஸ்காரி, ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவனை இழந்தவர். இரண்டாயிரமாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் வீட்டுத் திறப்புக் கோர்வையைக் கையில் கொடுக்கும்போது அவர் ஒரேயொரு விஷயம் சொன்னார்: அந்தக் கதவைத் திறக்காமல் இருப்பது நல்லது. தில்லையம்பலம் எழுந்து நின்று திசை பார்த்தார். தெற்கு, யமனுடைய பக்கம். அவருக்குப் புல்லரித்துப் போயிற்று. வெள்ளைக்காரிக்கே வாஸ்து தெரிந்திருக்கிறது என்று அன்றைக்கே வால்தம்ஸ்டோவில் பாதிப் பேருக்குப் போன் செய்து சொன்னார். ஏன் திறக்கக்கூடாது என்று அந்த அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பதில் தனக்கு முன்பே தெரியும் என்று நினைத்துக்கொள்வது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது, கைதடியைத் தாண்டியதும் விழுந்த செல்லில் அவர்களுடைய மூத்த பிள்ளை நிருஜன் போய்விட்டான். அவனுக்கு ஒன்பது வயது. இரண்டு வருடம் கழித்துக் கைக்குழந்தையாக இருந்து தப்பிய மகள் தனுஷியாவோடு லண்டன் வந்து சேர்ந்து, வால்தம்ஸ்டோவில் ஒரு கடைக்கு மேலே குடியிருந்தார்கள். அங்கே சிவகௌரி அரிசி கழுவும்போதெல்லாம் அழுவார். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று அவர் நினைத்திருந்தார். குட்மேய்ஸ் வீட்டுக்கு வந்த முதல் நாள், சாமான் பெட்டிகளுக்கு நடுவில் அந்தப் பின்னறையில் சற்றுக் கண்ணயர்ந்தவர் பொழுதுபடும்வரை தூங்கினார். எழுந்து வந்து அரிசி கழுவினார், அழவில்லை. இது ராசியான அறை என்று தில்லையம்பலம் முடிவு கட்டினார். சோபா, ரீவி, சாமிப்படம் எல்லாம் அந்த அறைக்குப் போயின. நல்ல செய்தி வரட்டும் என்று தொலைபேசியையும் அங்கேயே வைத்தார். பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அண்ணனைப் பறிகொடுத்தவர்கள், விசா மறுக்கப்பட்டவர்கள், பெண்சாதி பிரிந்து போனவர்கள் எல்லாம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, சோபாவில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, கொழுக்கட்டை கேட்டு வாங்கித் தின்று, சிரித்துக்கொண்டே போனார்கள். நடந்தது எதுவும் மறந்து போவதில்லை. செய்தி அப்படியே இருக்கும், அதன் வலி மட்டும் இராது. வாஸ்துவைக் கவனித்ததன் பலன் என்று தில்லையம்பலம் ஒவ்வொருவரிடமும் சொன்னார். பலர் வீட்டுக்குப் போய்த் தங்கள் தெற்குக் கதவுகளையும் ஆணி அடித்து மூடிவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு பலனும் கிடைக்கவில்லை, வேனிற்காலத்தில் புழுக்கம்தான் கூடியது.

முதல் இரண்டு வருடம் அந்தக் குணம் அறையோடு நின்றது. வெளியே வந்து சற்று நேரத்தில் பழைய பாரம் நெஞ்சில் ஏறிக்கொள்ளும். பிறகு, சாம்பிராணி போட்ட அறையில் இருந்தவர்களுடைய உடுப்பில் வாசம் தங்குவதுபோல, அது அவர்களோடு வெளியே வரத் தொடங்கியது. தில்லையம்பலம் மனேஜராக இருந்த பெற்றோல் ஷெட்டுக்குப் போனது, கோயிலுக்குப் போனது. அந்த வருடங்களில்தான் சமாதானம் வந்து கண்டி வீதி திறந்தது. லண்டனில் இருந்தவர்கள் சூட்கேஸ் சூட்கேஸாகக் கட்டிக்கொண்டு ஊருக்குப் பறந்தார்கள். முல்லைத்தீவில் கலியாணம் செய்திருந்த தங்கை ஜெகதீஸ்வரி, பாதை திறந்திருக்கும்போதே வந்து ஒருக்கா முகத்தைக் காட்டிவிட்டுப் போகும்படி வருந்தி வருந்திக் கேட்டாள். அடுத்த வருடம் பார்ப்போம் என்றார் அவர். மனம் வராமல் சொன்னதில்லை, நல்ல சந்தோஷமாகவே சொன்னார். அவரை இழுக்க உள்ளே ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். பிரிவு வலிக்காதவன் எதற்கு விமான ரிக்கெற் எடுக்கப் போகிறான்? அடுத்த வருடமும் அடுத்த வருடம் என்றார். சுனாமி வந்த நாளில் புருஷனும் மனைவியும் வடை தின்றுகொண்டே ரீவி பார்த்தார்கள். தங்கை வீட்டார் தப்பிவிட்டார்கள் என்று செய்தி வந்தபோது நல்லது என்றார்கள், தப்பவில்லை என்று வந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். நிருஜனுடைய திவசம் எந்த வருடத்தில் நின்றது என்று இருவருக்கும் தெரியாது. அந்தத் திதி வருடாவருடம் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையாகவோ வியாழக்கிழமையாகவோ வந்து போனது. தனுஷியாவை மட்டும் அறை ஒன்றும் செய்யவில்லை. அவள் நினைவு தெரிந்து எதையும் இழக்காதவள். அண்ணன் அவளுக்குச் சுவரில் இருந்த ஒரு படம்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மாசி மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் தொலைபேசி அடித்தது. ஜெகதீஸ்வரி. யாரோ ஒருவருடைய சாட்டிலைட் போனில், வரிசையில் நின்று, இரண்டு நிமிடம் வாங்கிப் பேசினாள்.

"அண்ணை, இவர் போயிட்டார். காலமை செல் விழுந்தது. மூடக்கூட ஏலேல்லை. கடற்கரையில அப்பிடியே விட்டிட்டு வந்திட்டன்."

"ஓம் ஓம், யோசியாதை. எல்லாம் சரிவரும். நீ சாப்பிட்டனியோ?"

அவள் கேட்டாள்:

"அண்ணை, நீங்கள் சிரிக்கிறியளோ?"

அவர் சிரிக்கவில்லை. எட்டு வருடமாக அவருடைய குரல் அப்படித்தான் இருந்தது, கடையில் வாடிக்கையாளருக்கு மிச்சக்காசு கொடுக்கிற குரல். அதைச் சொல்வதற்குள் தொடர்பு அறுந்தது. திருப்பி எடுக்க நம்பர் இல்லை. தில்லையம்பலம் ரிசீவரை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். தங்கையின் புருஷன், அந்த மச்சானை அவருக்கு நன்றாகத் தெரியும். மாப்பிள்ளைத் தோழனாக நின்று தலைப்பாகை சரிசெய்து விட்டவர் அவர். இப்போது தனக்குள் ஏதோ ஒன்று வந்திருக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. அது வரவில்லை. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவரைப்போல அவர் தன் துக்கத்தைத் தேடத் தொடங்கினார். நடைக்கு வந்து பார்த்தார், தெருவுக்கு வந்து பார்த்தார். கோயிலில் அர்ச்சனை செய்து பார்த்தார். குசினியில் நின்று வெங்காயம் வெட்டினார். கண்ணீர் வந்தது, ஆனால் அது வெங்காயத்துடையது. சித்திரையில் போரை நிறுத்தச் சொல்லி லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் சனம் கூடியபோது அவரும் போனார். தெரிந்த பெண்கள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். அவர் எல்லோருக்கும் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார். தங்கை புருஷனைப் பறிகொடுத்தும் கலங்காமல் நிற்கிறாரே, என்ன மன உறுதி என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். ஒருவர் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்றைக்கு ரயிலில் வரும்போது, இன்னொரு தடவை தங்கை எடுத்தால் என்ன செய்வது என்று அவர் யோசித்தார். எடுப்பாள், எடுத்தால் அதே குரலில்தான் பேசப்போகிறார். அவளுக்கு மிஞ்சியிருப்பது இந்த ஒரு அண்ணன்தான், அந்த அண்ணனோ இப்படி.

வாஸ்துவில் பிழை இருக்குமோ என்று கேட்கத்தான் அவர் மிஸிஸ் பிரிட்சார்டைத் தேடிப் போனார். அவர் ரொம்ஃபோர்ட் பக்கம் முதியோர் குடியிருப்பில் இருந்தார். சிவகௌரியும் கூடப் போனார், வெறுங்கையோடு போகக்கூடாது என்று கேக் கொண்டு போனார். வாஸ்து என்றால் என்ன என்று மிஸிஸ் பிரிட்சார்ட் கேட்டார். தில்லையம்பலம் விளக்கினார். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, தன் சீவியத்தில் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதில்லை என்றார். பிறகு கேக்கைத் தட்டில் வைத்துவிட்டு, தங்கள் பக்கத்துப் பழங்கதை ஒன்றைச் சொன்னார். அவர் ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். இந்தக் கதையைத் தான் நம்புவதில்லை, தேவைக்கு எடுத்துப் பாவிப்பதுதான் என்று முதலிலேயே சொல்லிக்கொண்டார். முன்னொரு காலத்தில் இந்தத் தீவை ஆண்ட பெரிய அரசன் ஒருவன், எந்தக் கூரைக்குள்ளும் அடங்காத உடம்புக்காரன், கடலைக் காலால் நடந்து கடந்து அயர்லாந்துக்குச் சண்டைக்குப் போனான். சண்டையில் இரண்டு பக்கமும் அழிந்தது. ஒரு கையளவு ஆட்கள்தான் மிச்சம். விஷ ஈட்டி பட்ட அரசன், தன் தலையை வெட்டி எடுத்துக்கொண்டு போகும்படி அவர்களுக்குச் சொன்னான். வெட்டிய தலை சாகவில்லை, முன்பைப்போலவே அவர்களோடு பேசிக்கொண்டு வந்தது. வழியில் கடலோரம் ஒரு மண்டபம். அதற்கு மூன்று கதவு. இரண்டு திறந்திருந்தன, தங்கள் ஊர்ப் பக்கம் பார்த்த மூன்றாவது மூடியிருந்தது. அங்கே எண்பது வருடம் விருந்து சாப்பிட்டார்கள். ஒருவருக்கும் நரைக்கவில்லை, இழந்தது ஒன்றும் வலிக்கவில்லை. ஒருநாள் அவர்களில் ஒருவன், இந்தக் கதவை ஒருக்காத் திறந்து பார்க்காவிட்டால் என் தாடிக்கு வெட்கம் என்று சொல்லித் திறந்தான். செத்த உறவெல்லாம் அந்த நிமிடத்தில் செத்ததுபோல வந்து விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவர்கள் எழுந்து லண்டனுக்கு நடந்துவந்து, இப்போது கோட்டை இருக்கிற மேட்டில், கடலைப் பார்க்க அந்தத் தலையைப் புதைத்தார்கள்.

திறந்தவனைக் கதை ஏசுவதில்லை என்றார் மிஸிஸ் பிரிட்சார்ட். திறவாமல் இருந்த எண்பது வருடத்தையும் ஏசுவதில்லை. ஆனால் கதவு மூடியிருந்தவரைக்கும் அவர்களால் தலையைப் புதைக்க முடியவில்லை, அதைக் கவனிக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நாற்பது வருடம் செத்தவர்களின் வீட்டாரைப் பார்த்த தனக்கு வேதப்புத்தகத்தைவிடக் கதையின் அந்த இடம்தான் கைகொடுத்தது என்று அவர் சொன்னார். தன் கணவர் அந்த வீட்டில் இறந்தார், பின்னறையில் அது தனக்கு வலிக்கவே இல்லை, வலிக்காததைத் தாங்க ஏலாமல்தான் வீட்டை விற்றதாகச் சொன்னார். கதவைத் திறக்கிற தைரியம் இருக்கவில்லை. வெளியேறி வந்த பிறகு துக்கம் பாதிதான் திரும்பி வந்தது. அன்றைக்கே உங்களுக்கு முழுவதையும் சொல்லியிருக்க வேண்டும் என்றும், வீடு விலைப்படாமல் போய்விடும் என்று பயந்தேன் என்றும் சொல்லி, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தில்லையம்பலம் பேச்சை மாற்றுவதற்காக அந்த அரசனுக்குப் பெயர் என்ன என்று கேட்டார். மிஸிஸ் பிரிட்சார்ட் பெயரைச் சொல்லி, தங்கள் வேல்ஸ் பாஷையில் அதற்குக் காகம் என்று அர்த்தம் என்றார்.

காகம் என்ற சொல் காதில் விழுந்ததும் சிவகௌரி கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். தில்லையம்பலத்தின் பக்கம் திரும்பி, பிள்ளைக்குக் காகத்துக்குச் சோறு வைத்து எத்தனை வருடம் என்று கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. இருவரும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார்கள்.

திறக்க வேண்டும் என்பது தில்லையம்பலத்துக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. ஆனால் திறந்தால் தங்கையின் துக்கம் மட்டும் தனியாக வரப்போவதில்லை. நிருஜனும் வருவான், கைதடி வீதியில் அவனைக் கிடத்திவிட்டுச் சனத்தோடு சனமாக நடந்த இரவும் வரும். அதைச் சிவகௌரியின் தலையில் இன்னொரு தடவை போட அவருக்கு என்ன உரிமை இருக்கிறது? அறிவு வேண்டாம் என்றது. துக்கம் இல்லாதவரிடம் அறிவு மட்டும்தான் மிச்சம் இருக்கும். இரண்டு கிழமை அவர் ஸ்குரூ டிரைவரை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். வைகாசி நடுவில் ஊரில் எல்லாம் முடிந்துவிட்டது என்று ரீவியில் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, சிவகௌரி சுவரில் இருந்த மகனின் படத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வந்து சோபாவில் வைத்தார்.

"இஞ்சருங்கோ, திறவுங்கோ. எனக்குப் பிள்ளையின்ர முகம் வருகுதில்லை. படத்தில இருக்கிற முகம்தான் வருகுது. அவன் சிரிச்சா எப்பிடி இருப்பான் எண்டு தெரியேல்லை."

பெயின்ட் கல்லாகிப் போயிருந்தது. தில்லையம்பலம் ஸ்குரூ டிரைவரால் நிலையைச் சுற்றிக் கீறினார், சிவகௌரி இறைச்சி வெட்டுகிற கத்தியால் அடிப்பக்கத்தைச் சுரண்டினார். பின்னேரம் நாலு மணிபோல இருவரும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள், கதவு திறந்தது. வெளியே தோட்டம் இல்லை. வாசற்படிவரைக்கும் கடல் நின்றது, பெரிய அலை இல்லாத, முல்லைத்தீவுப் பக்கத்துக் கிழக்குக் கரைக் கடல், சாம்பல் நிறமாக. அவர்களுக்கு அதைப் பார்க்க நேரமில்லை. முதலில் நிருஜன் வந்தான். சிரித்தால் அவனுக்கு வலது பக்கத்துக் கடைவாய்ப்பல் தெரியும். சிவகௌரி அந்த இடத்திலேயே விழுந்தார். அவர் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்தது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள், தில்லையம்பலத்தின் தகப்பன், கூடப் படித்தவர்கள், கடைசியாக மச்சான், தலைப்பாகையோடு. எல்லாம் வந்து முடிந்த பிறகு, நீங்கள் சிரிக்கிறியளோ என்ற கேள்வி வந்து நெஞ்சில் குந்தியது, அது எழும்பிப் போகவில்லை. பாதை திறந்திருந்த அத்தனை வருடமும் போகாமல் இருந்தது வந்தது. போயிருக்கலாம், ஒருக்காவாவது போயிருக்கலாம் என்று அவர் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அழுதார். மேல்மாடியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த தனுஷியா ஓடிவந்து, கதவுக்கு வெளியே தோட்டத்தையும் துணிக் கொடியையும் பார்த்தாள், உள்ளே தாயையும் தகப்பனையும் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அறையில் எப்போதாவது உட்கார்ந்து எழும்பிப் போனவர்களுக்கெல்லாம் அதே நேரத்தில் அது திரும்பி வந்தது. இல்ஃபோர்டில் ஒருவர் கடைக்குள் பால் எடுத்துக்கொண்டு நின்றவர் அப்படியே தரையில் குந்திவிட்டார். வெம்பிளியில் ஒரு கலியாண வீட்டில் மேளக்காரர்களை நிறுத்தச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. மிஸிஸ் பிரிட்சார்ட் அலுமாரியிலிருந்து கணவரின் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இருட்டும்வரை விளக்குப் போடாமல் இருந்ததாகப் பிறகு சொன்னார். ஆட்களில் சிலர் தில்லையம்பலத்தோடு இன்றுவரை பேசுவதில்லை. அவர்களையும் குறை சொல்ல ஏலாது, தங்கள் துக்கத்தைத் திருப்பித் தரும்படி அவர்கள் ஒருவரும் கேட்கவில்லை. கதவு பிறகு மூடுபடவில்லை. கவுன்சிலில் இருந்து வந்த ஒருவர் சுவரைத் தட்டிப் பார்த்து, ஈரம் என்று எழுதிக்கொண்டு போனார். துணி காயப்போடுகிற வேலை தனுஷியாவின் தலையில் விழுந்தது. அந்தக் கதவால் தோட்டத்துக்குப் போய்வர அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் முடிந்தது. ஆனி மாதத்தில் ஐயரைக் கூட்டிக்கொண்டு சவுத்எண்டுக் கடற்கரைக்குப் போய், பதினாலு வருடம் பிந்தி நிருஜனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்தார்கள். சிவகௌரி மறுபடியும் அரிசி கழுவும்போது அழத் தொடங்கினார், இந்த முறை தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு அழுதார்.

ஜெகதீஸ்வரியிடமிருந்து செய்தி இல்லை. தில்லையம்பலம் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே கிடந்தார். செஞ்சிலுவைக்கு எழுதினார், தெரிந்த பாதிரியாருக்கு எழுதினார். அவள் இருக்கிறாளா இல்லையா என்பதற்கும் அப்பால், இருந்தால் அவள் நெஞ்சில் அந்த இரண்டு நிமிடக் குரல்தான் அண்ணன் என்று இருக்குமே என்பதுதான் அவரைத் தின்றது. புரட்டாதியில் ஒருநாள் காலை தொலைபேசி அடித்தது. வவுனியா முகாமிலிருந்து, யாருடையதோ ஒரு மொபைலில் அவள். அண்ணை என்று மட்டும் சொன்னாள். அவர் என்னென்ன சொல்ல வேண்டும் என்று நாலு மாதமாக யோசித்து வைத்திருந்தார், மன்னிப்பு, காரணம், கதவு, எல்லாம். வாயைத் திறந்ததும் அழுகைதான் வந்தது. வயது போன ஆம்பிளை அழுகிற வடிவில்லாத அழுகை, மூக்கால் வடிந்து, மூச்சு முட்டி, நிறுத்த முடியாமல். மச்சானின் பெயரைச் சொல்லி அழுதார். அவருக்கு மூச்சு ஒருவாறு திரும்பிய பிறகுதான் அவள் பேசினாள்.

"அழுங்கோ அண்ணை. இஞ்ச தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் லைனில நிக்கவே பொழுது போயிடுது. நான் இன்னும் இவருக்கு ஒழுங்கா அழேல்லை."

அன்றைக்கு ஏன் அப்படிப் பேசினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். பிறகு அவள், பின்னால் என்ன சத்தம், வீடு கடலுக்குக் கிட்டவோ என்று கேட்டாள்.

"ஓம். பின்வளவிலதான்" என்றார் தில்லையம்பலம்.

லண்டனில் அப்படி இருக்கும்போல என்று அவள் நினைத்திருக்க வேண்டும். வவுனியாவில் கடல் இல்லை. கடைசியாகக் கடலைக் கேட்டது புருஷனை விட்டிட்டு வந்த அன்றைக்குத்தான் என்று சொன்னாள். ரெலிபோனை அதுக்குக் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோய்ப் பிடிக்க ஏலுமோ என்று கேட்டாள்.

அவர் எழுந்து போய், வாசற்படியில் குந்தியிருந்து, ரிசீவரைத் தண்ணீருக்கு மேலே நீட்டிப் பிடித்தார். கை உளைந்தபோது மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். அந்தப் பக்கத்தில் மொபைலின் சார்ஜ் முடியும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.